வேலி விழுந்த சம்பளம்

திரையில் எல்லாம் ஒழுங்காகத்தான் நிற்கிறது.
காகிதத்தில் வந்ததும்
ஒன்றன் தோளில் ஒன்று ஏறிக்கொள்கின்றன எழுத்துகள்,
சனிக்கிழமை மாலை
இன்செய்ன் போகும் பஸ் மாதிரி.

பேயின்னாவுங் சந்தை, உளுந்துக் கிடங்கு,
மாடியில் பலகை அடைத்த அறை.
ஒரு கணினி. அதன் பக்கத்தில்
உளுந்துத் தூசியைத் தின்று தின்று இருமும் பிரிண்டர்.
கீழே நாற்பத்தொரு சுமைகாரர்கள்.
பட்டியல் சுவரில் ஏறினால்தான்
பணப்பெட்டி திறக்கும். முதலாளி வைத்த சட்டம்.

முதல் தாளைக் கொண்டுபோய் ஒட்டினேன்.
கோ ஸா வின் கேட்டார்:
"எல்லாருக்கும் பணம், எனக்கு மட்டும் மூங்கில் தட்டியா?"
எக்கிப் பார்த்தேன். உண்மைதான்.
ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டார் இந்த வாரம்;
ஓர் இலக்கம் கூடியதில் கட்டம் போதாமல்
குறுக்கும் நெடுக்குமாய்க் கோடிழுத்து
வரிசையாய் வேலி.
அதிகம் சுமந்தவருக்குத்தான் வேலி.

பெயரும் அப்படியே.
அடையாள அட்டையில் கோ ஸா வின்,
வீட்டில் வீரபத்திரன்.
இரண்டையும் ஒரே கட்டத்தில் போடுவது எங்கள் வழக்கம்.
தாளில் 'வீர' மட்டும் நின்றது.
'பத்திரன்' அடுத்த வரிக்கு இறங்கி
வரிசைக்கு உயரம் போதாமல்
பத்திரமாய் ஒளிந்துகொண்டான்.
அதற்குள் யாரோ "அரை வீரா" என்று கூப்பிட்டாயிற்று.

மேலே ஓடினேன்.
'ஒரே பக்கத்தில் அடக்கு' என்றிருந்ததை எடுத்தேன்.
தாளைப் படுக்கப்போட்டேன்.
எழுத்துருவை மாற்றினேன்:
கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம்,
நடுவில் புள்ளிபுள்ளியாய் ஒரு வட்டம்,
கோபித்துக்கொண்ட தம்பதிக்கு நடுவே காலித் தட்டு.
பழையபடி மாற்றினேன்.

பிறகுதான் தெரிந்தது.
எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த தைலாம்பாள்
(இப்போது மேசோத்தில் சட்டைக் காலர் தைக்கிறாள்)
பெயருக்கும் பெயருக்கும் நடுவே
நீளப் பொத்தானைத் தட்டித் தட்டியே
நேர் நிறுத்தியிருக்கிறாள்.
எண்ணினேன். வீரபத்திரனுக்கு முன் இருபத்தேழு.
கண்ணுக்குத் தெரியாத இருபத்தேழு மூட்டை.
திரை தாங்கியது. காகிதம் தாங்கவில்லை.
திட்ட வாயெடுத்தேன்.
போன வாரம் நானும் நாலு தட்டியிருந்தேன்.

தேடு. எல்லாவற்றையும் மாற்று.
இடைவெளி இருக்கும் இடத்தில் ஒன்றுமில்லை என்று கொடுத்தேன்.
கண் மூடித் திறப்பதற்குள்
கோஸாவின்வீரபத்திரன்
கோதான்டேசின்னமாயன்
நாற்பத்தொரு பேரும் ஒரே இழுவை.

பின்னால் நின்ற மா தீரி சிரித்தாள்.
"நல்லாத்தானே இருக்கு? எங்கள் எழுத்தில்
சொல்லுக்குச் சொல் இடம் விடுவதில்லை.
மூச்சு வாங்கும் இடத்தில் விட்டால் போதும்."

எங்களுக்கு அடிக்கடி வாங்கும், மா தீரி.

செய்ததை மீட்டேன்.
இரண்டு இடைவெளியை ஒன்றாக்கு.
இன்னொரு முறை.
இன்னொரு முறை.
மாற்ற ஒன்றுமில்லை என்று கணினி கை விரிக்கும்வரை.
கட்டத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன்.
வரிசையின் உயரத்தை
அதன் இஷ்டத்துக்கு விட்டேன்.

நாலு மணிக்குக் கரண்ட் போய்விடும்.
மூன்று ஐம்பத்திரண்டுக்குப் பிரிண்டர் தாளைக் கவ்வியது.
நின்றது.
என்னைப் பார்த்தது என்றுதான் சொல்லவேண்டும்.
பிறகு, இருமிக்கொண்டே,
இரண்டு தாள். ஓரம் வெட்டிச் சேர்த்து ஒட்டினேன்.

பசை காயவில்லை.
அவர் விரல் வைத்து வாசித்தார்:
கோ ஸா வின். ஓர் இடம். வீரபத்திரன்.
வேலி போய் எண்கள் நின்றன, காற்புள்ளியோடு.
"பேரு சரியா வந்திருக்கு."
விரலை எடுக்கவில்லை.
"ரெண்டு மூட்டை குறையுதே."